பால் ஜாயின்ட்டுக்குத் தைத்த சாக்ஸ்

2019 பிப்ரவரி 19, செவ்வாய்க்கிழமை. ஷெட்டுக்கு வந்ததும் வழக்கம்போல் கம்ப்ரஸரின் அடித்திருகைத் திறந்து, தேங்கியிருந்த தண்ணீரை வடித்தேன். கை துடைக்கும் பனியன் வேஸ்ட் மூட்டையை அவிழ்த்தேன். அன்றைய மூட்டை வெளிர்பச்சை. டீ வந்தது. வேன்கள் ஊர்களிலிருந்து ஆட்களை ஏற்றிவந்து கம்பெனி வாசலில் இறக்கிவிட்டு, ஒவ்வொன்றாக ஷெட்டுக்குள் வந்தன. டயர்களைச் சுற்றிப் பார்த்தேன். ஒன்றில் ஆணி இருந்தது. பிடுங்கினேன். காங்கேயம் வேன் மட்டும் வரவில்லை.

இதுவரை என் நாட்குறிப்பில் உள்ளபடி. மீதியை நினைவிலிருந்து எழுதுகிறேன்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியின் வண்டி ஷெட்டில் மெக்கானிக்காக இருந்து சென்ற ஆண்டு ஓய்வு பெற்றேன். இப்போது அங்கே வேலை பார்ப்பவர்கள் போன வாரம் செல்போனில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார்கள். "அண்ணா, சத்தமே இல்லாம பால் ஜாயின்ட் போகுமுங்களா?" போகும் என்று பதில் அனுப்பினேன். எப்படி என்று கேட்டார்கள். அவ்வளவையும் செல்போனில் எழுத விரல் ஒத்துழைக்கவில்லை. ஆகவே காகிதத்தில் எழுதுகிறேன்.

தொழிலில் இல்லாதவர்களுக்காக ஒரு விளக்கம். நம் தொடை எலும்பின் தலையில் ஒரு குண்டு இருக்கிறது. அது இடுப்பெலும்பின் குழிக்குள் உட்கார்ந்து எல்லாப் பக்கமும் திரும்புகிறது. வண்டியின் முன்சக்கரத்துக்கும் அப்படி ஒரு குண்டும் குழியும் உண்டு. மேலே ஓர் இரும்புக் கை, கீழே ஓர் இரும்புக் கை, இரண்டின் முனையிலும் பால் ஜாயின்ட், நடுவில் சக்கரம். எங்கள் வேன்களில் ஸ்பிரிங் கீழ்க்கையின் மேல் உட்கார்ந்திருந்ததால் பாரமெல்லாம் கீழ் ஜாயின்ட்டில்தான். குண்டைச் சுற்றி கிரீஸ் இருக்கும். கிரீஸ் வெளியே போகாமலும் மண் உள்ளே வராமலும் ஒரு ரப்பர் உறை மூடியிருக்கும். உறை கிழிந்தால் கிரீஸ் போகும், மண் வரும், குண்டு தேயும், குழி அகலும், ஆட்டம் வரும். மனிதருக்கு இடுப்பு வலிக்கும். வண்டி 'டொக்கு டொக்கு' என்று தட்டும்.

நான் காங்கேயத்தில் ஒரு ஜீப் பட்டறையில் வண்டி கழுவுவதில் ஆரம்பித்தேன். ஸ்பேனர் கைக்கு வர இரண்டு வருடம், முன்பக்க வேலை கைக்கு வர அதற்கு மேலும் சில வருடம். பிறகு திருப்பூர். பயிற்சிக் காலம் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. நிறைய அடி வாங்கினேன், பெரும்பாலும் ஜாக்கியிடம்.

ஷெட்டுக்கு மேற்பார்வையாளர் துரைசாமி சார். அவர் அடிப்படையில் மெக்கானிக் அல்ல. செக்கிங் பகுதியில் பனியன்களைச் சோதித்துச் சோதித்து மேலே வந்தவர். வண்டிகளை ஒழுங்குபடுத்த நல்ல ஆள் வேண்டும் என்று முதலாளி தேடியபோது, கம்பெனியிலேயே ஒழுங்கான ஆள் அவர்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். அது உண்மை. அவர் வந்த பிறகு ஷெட்டில் ஸ்பேனர் காணாமல் போனதில்லை.

வண்டியையும் அவர் பனியனைப் பார்ப்பது போலவே பார்ப்பார். கையில் வெள்ளைத் துணி உறை மாட்டிக்கொள்வார். செக்கிங்கில் துணியில் ஓட்டையோ கறையோ இருந்தால் அந்த இடத்தைக் காட்டிச் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அதில் ஒரு சுருள் எப்போதும் அவர் சட்டைப்பையில் இருக்கும். வேன் கதவில் கீறல் என்றால் ஓர் அம்பு. சீட் கிழிந்திருந்தால் ஓர் அம்பு. சரிசெய்த பிறகு அம்பை அவரே உரிப்பார். வேறு யாரும் உரிக்கக்கூடாது.

சத்தம் போட்டு அவர் பேசி நான் கேட்டதில்லை. யாரையும் வேலையைவிட்டு நீக்கியதும் இல்லை. "ஒரு பத்து நாள் ஊட்ல ஓய்வு எடுங்க" என்பார். அப்படி ஓய்வெடுத்தவர்கள் எவரும் திரும்பி வந்ததில்லை.

ரப்பர் உறைகள் அடிக்கடி கிழிவது அவருக்குப் பிடிக்கவில்லை. கிழிந்த உறையைத் தனியாக வாங்குவது கஷ்டம், ஜாயின்ட்டோடுதான் வரும். இதைக் கேட்டவருக்குப் பனியன் துணி ஒன்று நினைவுக்கு வந்தது. பனியனின் கழுத்துக்கும் கைமுனைக்கும் வைக்கும் ரிப் துணி, இழுத்தால் விரியும், விட்டால் சுருங்கிக் கவ்வும். சாம்பிள் பகுதியில் தைக்கும் சரசக்காவை அழைத்தார். பால் ஜாயின்ட்டுக்கு அளவெடுத்து, இரண்டு அடுக்கு ரிப்பில் சாக்ஸ் தைத்துத் தரச் சொன்னார். சரசக்கா தைத்தார். கம்பெனியில் லேபிள் இல்லாமல் எந்த உருப்படியும் வெளியே போகக்கூடாது என்பதால் 'L' என்று சைஸ் லேபிளும் வைத்தார். கூடவே துவைக்கும் முறை லேபிளும். வெளுக்கும் மருந்து கூடாது என்று அதில் படம் இருந்தது.

எல்லா வேன்களுக்கும் சாக்ஸ் மாட்டினோம். கறுப்பு நிறம். அழுத்தமாக உட்கார்ந்தது. பார்வைக்கு நன்றாகவே இருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காங்கேயம் வேன் தாமதமாக வந்தது. இடப்பக்க முன்சக்கரம் முழுக்கத் தேங்காய்ச் சிரட்டைத் தூள். டிரைவர் நஜீர் பாய் இறங்கியதும் நேராகத் துரைசாமி சாரிடம் போய் நின்றார். என் வயதுக்காரர். அந்த வழித்தடத்தில் நெடுநாளாக ஓட்டுபவர்.

"என்னாச்சுங்க பாய்?"

"முன்னாடி போன டிராக்டர் டக்குனு நின்னுச்சுங்க சார். பிரேக்க மிதிச்சேன். வண்டி எடப்பக்கமா புடுங்கிட்டுப் போயி, ரோட்டோரம் காயப்போட்ட செரட்டைக் குமியல்ல ஏறி நின்னுருச்சுங்க. யாருக்கும் ஒண்ணுமில்லீங்க."

"தூக்கம் வந்துச்சுங்களா?"

"இல்லீங்க."

"ஊட்ல ஒறம்பரை ஏதாச்சும் வந்து, ராத்திரி படுக்க நேரமாச்சுங்களா?"

"எங்கூட்டுக்கு யாருங்க சார் வர்றா?"

"செல்போன் பேசுனீங்களா?"

"அது சரசக்கா பையில இருந்துச்சுங்க. வண்டி எடுத்தா அவிய கையில குடுத்துட்டுத்தான் எடுப்பேன். இதையும் சொல்லிப்போடறேனுங்க சார், வண்டி ஒரு மாசமாவே நேராப் போறதில்லைங்க. ரெண்டு தடவை சொல்லிட்டேன்."

சொல்லியிருந்தார். இரண்டு தடவையும் வண்டியை லிஃப்டில் ஏற்றிப் பார்த்தோம். ஒன்றும் தெரியவில்லை. முன்பு ஒருமுறை ஜாக்கி சரிந்ததிலிருந்து, ஷெட்டில் எதைச் சோதிப்பதானாலும் லிஃப்டில்தான் என்பது துரைசாமி சாரின் விதி. ஜாக்கிகளைப் பின்னறையில் துணி போர்த்தி வைத்திருந்தார்.

மூன்றாம் தடவையும் வண்டி லிஃப்டில் ஏறியது. துரைசாமி சார் வெள்ளைக் கையுறையை மாட்டிக்கொண்டு, தொங்கும் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். ஆட்டம் இல்லை. இரு பக்கமும் பிடித்து ஆட்டினார். இல்லை. பிரேக் பைப்புகளைத் தடவினார். கசிவு இல்லை. கடைசியாக சாக்ஸை ஒரு சுற்றுத் தடவினார்.

"தையல் நல்லா நிக்குதுங்க" என்றார். "வண்டி பாஸுங்க செல்வராஜ்."

லிஃப்ட் இறங்கியது. அவர் வண்டிக்குள் ஏறினார். பையிலிருந்து ஸ்டிக்கர் சுருளை எடுத்து ஓர் அம்பைக் கிழித்து, டிரைவர் சீட்டின் முதுகில், பின்னால் உட்காருபவர்களுக்குத் தெரியும்படி ஒட்டினார். அம்பு மேல்நோக்கி, டிரைவரின் தலை இருக்கும் இடத்தைக் காட்டியது. பிறகு இறங்கினார்.

"பாய், ஒரு பத்து நாள் ஊட்ல ஓய்வு எடுங்க."

நஜீர் பாய் சாவியை மேசைமேல் வைத்தார். ஐம்பதைத் தாண்டிய டிரைவரைப் புதிதாக எந்தக் கம்பெனியும் எடுக்காது. எடுக்க நினைத்தாலும் முன்பு ஏன் வேலையைவிட்டு நின்றீர்கள் என்று கேட்கும். 'வண்டியைச் சிரட்டைமேல் ஏற்றினேன்' என்பது நல்ல பதில் அல்ல. வாசல்வரை போனவர் திரும்பினார்.

"சாயங்காலம் காங்கேயத்துக்கு யாருங்க சார் ஓட்டறாங்க?"

"ஆளு பாத்துக்கலாமுங்க."

"யாரா இருந்தாலும் சரிங்க. ஸ்டியரிங்க வலப்பக்கமாச் சித்தெ இழுத்துப் புடிச்சே ஓட்டச் சொல்லிப்போடுங்க. வண்டி பூரா பொம்பளைங்க."

சொல்லிவிட்டு எதிரே டீக்கடையில் போய் உட்கார்ந்தார். பஸ்ஸுக்கு நிற்காமல் அங்கேயே உட்கார்ந்திருந்தார். வழக்கமாக அவர் ஊருக்குப் போகும் வண்டி ஷெட்டுக்குள் நின்றது.

மதிய இடைவேளையில் சரசக்கா வந்தார். வேனில் விட்டுப்போன சாப்பாட்டு டப்பாவை எடுக்க வந்தவர், சீட்டின் முதுகைப் பார்த்துவிட்டு இறங்கினார்.

"என்னங்க செல்வண்ணா, வண்டி பாஸு, பாய் ரிஜெக்டுங்களா?"

"வண்டில ஒண்ணும் தெரியலீங்க அக்கா."

"பாய் தூங்குனாருன்னு எந்தக் கெரகம் புடிச்சவன் சொன்னான்? காங்கேயத்துல இருந்து எங்களத் தூங்க உடாம வழி பூராப் பேசிட்டு வர்ற மனுசன். அவரு தூங்குனாத்தான் எங்களுக்கு நிம்மதி."

"நீங்க எங்கீங்க ஒக்காருவீங்க?"

"முன்னால எடப்பக்க சீட்டு. வேற எங்க ஒக்காந்தாலும் எனக்கு ஒமட்டும். அந்த எடத்துலதான் காலுக்கடியில டொக்கு டொக்குன்னு தட்டிக்கிட்டே இருந்துச்சு. சாக்ஸ் மாட்டுனதும் நின்னு போச்சு. சார்கிட்டச் சொன்னேன். 'பாத்தீங்களா சரசம்மா'ன்னு அவருக்கு ஒரே சந்தோசம்."

நான் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.

கேள்வி அனுப்பியவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். ரப்பர் உறை கிழிந்தால் சத்தம் வராது. சத்தம் வருவது குண்டுக்கும் குழிக்கும் நடுவில் இடைவெளி விழுந்த பிறகுதான். அப்படியானால் சாக்ஸ் மாட்டும்போதே ஆட்டம் இருந்திருக்கிறது. துணி, தேய்ந்த இரும்பை வளர்க்காது. சத்தம் நின்றது என்றால், சத்தத்தை ஏதோ அடைத்திருக்கிறது என்றுதான் பொருள்.

துரைசாமி சாரின் மேசைக்குப் போனேன்.

"சார், ஜாக்கி ஒண்ணு வேணுமுங்க."

"லிஃப்ட் இருக்குதுங்களே."

"லிஃப்டு வண்டியோட அடிச்சட்டத்தப் புடிச்சுத் தூக்குதுங்க. சக்கரம் தொங்குது. ஆனா ஸ்பிரிங் கீழ்க்கைய அமுக்கிட்டேதான் இருக்கும். குண்டும் குழியும் இறுகி ஒட்டிக்கிட்டு நிக்கும். ஆட்டம் இருந்தாலும் காட்டாதுங்க. ஜாக்கியக் கீழ்க்கைக்கே குடுத்தா ஸ்பிரிங் அமுங்கிக்கும், ஜாயின்ட் லூசாகும். அப்பப் பாக்கோணுமுங்க."

அவர் பேனாவை மூடினார்.

"துணிய ரெண்டு பக்கமும் இழுத்துப் புடிச்சுக்கிட்டுப் பாத்தா சுருக்கம் தெரியாது. மேசைமேல சும்மா போட்டுப் பாக்கோணும். அப்படித்தானுங்க?"

"அதேதானுங்க சார்."

"ஜாக்கிய எடுங்க. நானும் வர்றேன்."

என்னால் அதைவிடச் சுருக்கமாக விளக்கியிருக்க முடியாது.

பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தேன். ஜாக்கியைக் கீழ்க்கைக்கு அடியில், ஜாயின்ட்டுக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் வைத்து, டயர் தரையைவிட்டு இரண்டு விரல் எழும்பும்வரை ஏற்றினேன். சட்டத்துக்கு ஸ்டாண்ட் வைத்தேன். டயருக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து மெல்ல நெம்பினேன்.

சத்தம் எதுவும் வரவில்லை. ஆனால் சாக்ஸ் அசைந்தது. நெம்பினால் சுருங்கியது, விட்டால் விரிந்தது. மூச்சு விடுவது போல இருந்தது. துரைசாமி சார் குனிந்து பார்த்தார். "மறுக்கா" என்றார். மறுபடி நெம்பினேன். அவர் வெள்ளை உறையைக் கழற்றிவிட்டு வெறும் விரலை வைத்தார். "மறுக்கா" என்றார்.

இதோடு தீர்ப்புச் சொல்லக்கூடாது. வீல் பேரிங் போனாலும் சக்கரம் ஆடும். ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொள்ள வேண்டும். மிதித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் ஜாயின்ட். பிரேக்கை மிதிக்க ஆள் வேண்டும் என்றேன். ஷெட்டில் அப்போது டிரைவர்கள் யாரும் இல்லை, சாப்பிடப் போயிருந்தார்கள். துரைசாமி சார் நிமிர்ந்து டீக்கடையைப் பார்த்தார். பிறகு தானே சாலையைக் கடந்து போனார். என்ன சொல்லி அழைத்தார் என்று தெரியாது. நஜீர் பாய் வந்து, அம்பு ஒட்டிய சீட்டில் ஏறி உட்கார்ந்து, பிரேக்கை மிதித்தார்.

ஆட்டம் நிற்கவில்லை.

"சாக்ஸைக் கழட்டுங்க" என்றார் துரைசாமி சார்.

நான் கத்தியை எடுத்தேன். "இருங்க, நான் தெச்சது, நாராக் கிழிச்சுப்போடாதீங்க" என்று சரசக்கா கழுத்தில் தொங்கிய நூல் கட்டரால் தையலை மட்டும் வெட்டினார். துணி இரண்டாகப் பிரிந்தது. கிரீஸ் எல்லாம் ரிப்புக்குள் ஏறியிருந்தது. உதிர்ந்த பஞ்சு கிரீஸில் ஊறி, ரோட்டுப் புழுதியோடு சேர்ந்து, கறுப்புக் கம்பளம் போல ஜாயின்ட்டின் இடைவெளிக்குள் திணிந்து கிடந்தது. அது சத்தத்தை அடைத்தது. அதிலிருந்த மண் குண்டை அரைத்தது. ரப்பர் உறையில் பாதிகூட மிச்சமில்லை. லேபிள் மட்டும் சுத்தமாக இருந்தது.

ஸ்டாண்ட் சரியாக நிற்கிறதா என்று இன்னொரு முறை பார்த்துவிட்டுச் சக்கரத்தைக் கழற்றினேன். கீழ்க்கைக்குக் கொடுத்த ஜாக்கியை அசைக்கவில்லை. ஸ்பிரிங்கை அடக்கிப் பிடித்திருப்பது அதுதான், அதை இறக்கினால் ஸ்பிரிங் ஆளைக் கொல்லும். நட்டு தானாகத் தளராமல் காக்கும் காட்டர் பின்னை உருவினேன். நட்டை முழுதாகக் கழற்றாமல் சில திருகுமரைகள் மட்டும் தளர்த்தி விட்டேன். ஜாயின்ட் விடுபடும்போது எகிறாமல் தாங்க அது வேண்டும். குண்டிலிருந்து நீளும் கூம்பான தண்டு, சக்கரத்தைத் தாங்கும் இரும்பின் துளையில் இறுகியிருக்கும். தண்டின் தலையில் அடிப்பவர்கள் உண்டு. மரை போகும், தண்டு வராது. துளையின் இரு பக்கமும் ஒரே நேரத்தில் இரண்டு சுத்தியலால் அடிக்க வேண்டும். நஜீர் பாய் ஒரு சுத்தியலை எடுத்துக்கொண்டார். மூன்றாவது அடியில் விட்டது.

போல்ட்டுகளைக் கழற்றி ஜாயின்ட்டை எடுத்து துரைசாமி சார் கையில் கொடுத்தேன். அவர் தண்டைப் பிடித்துச் சும்மா இழுத்தார். குண்டு குழியிலிருந்து வெளியே வந்துவிட்டது. ஒரு கையில் குண்டும் ஒரு கையில் குழியுமாக நின்றார்.

"இது ரோட்ல கழண்டு வந்திருந்தா என்னாகுமுங்க?"

"சக்கரம் வெளிப்பக்கமாச் சாஞ்சு, முன்பக்கம் தரையில உக்காந்துருமுங்க."

"எந்தப் பக்கம்?"

"எடப்பக்கமுங்க."

"அது நா ஒக்கார்ற சீட்டுங்க" என்றார் சரசக்கா.

துரைசாமி சார் குண்டைக் குழிக்குள் வைத்துப் பார்த்தார். மறுபடி வெளியே வந்தது. எல்லோருக்கும் டீ சொன்னார். பிறகு மேசைக்குப் போய், மாலையில் ஆட்களைக் கொண்டுவிட வெளி வேன்களுக்குப் போன் செய்தார். சாக்ஸ் போட்ட எந்த வண்டியும் வாசலைத் தாண்டக்கூடாது என்றார்.

காங்கேயம் வேனுக்கு இரண்டு பக்கமும் புதிய ஜாயின்ட் போட்டேன். ஒரு பக்கம் தேய்ந்திருந்தால் மறுபக்கமும் அதே ரோட்டில்தான் ஓடியிருக்கிறது. தண்டையும் துளையையும் எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்துத்தான் பொருத்த வேண்டும். அங்கே கிரீஸ் தடவுவது உதவி அல்ல. நட்டை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனரால் சொன்ன அளவுக்கு இறுக்கிய பிறகு, காட்டர் பின் போகும் ஓட்டை நேராக வராவிட்டால் இன்னும் கொஞ்சம் இறுக்க வேண்டுமே தவிரத் தளர்த்தக்கூடாது. பழைய காட்டர் பின்னைத் திரும்பப் போடக்கூடாது. ரப்பர் உறை லேசாக உப்பும்வரை கிரீஸ் ஏற்றினேன். அதன்மேல் எதுவும் மாட்டவில்லை.

"இனி வீல் அலைன்மென்ட் பாக்கோணுமுங்க சார்" என்றேன்.

"பாருங்க" என்றார். யார் ஓட்டுவது என்று அவர் சொல்லவில்லை. சாவி மேசைமேலேயே இருந்தது. நஜீர் பாய் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து சாவியை எடுத்தார். துரைசாமி சார் ஏதோ காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அலைன்மென்ட் முடித்து மாலையில் காங்கேயத்துக்கு அவரே வண்டியை எடுத்தார். அம்பு அப்படியே இருந்தது. அதை உரிக்க எங்களில் யாருக்கும் அதிகாரம் இல்லை. ஓய்வு முடிந்ததா, மாலை டிரிப்புக்கு ஆள் இல்லாததால் விட்டாரா என்று யாருக்கும் தெரியவில்லை. நஜீர் பாய் கேட்கவும் இல்லை. வழி முழுக்க அவர் ஒரு வார்த்தை பேசவில்லை என்று சரசக்கா பிறகு சொன்னார். பின்னால் இருந்தவர்கள் எல்லோரும் அம்பைப் பார்த்துக்கொண்டே ஊர் போய்ச் சேர்ந்தார்களாம்.

மறுநாள் காலை, நான் கம்ப்ரஸர் திருகில் கை வைப்பதற்குள் காங்கேயம் வேன் ஷெட்டுக்குள் வந்துவிட்டது. மற்ற வேன்கள் முதல் நாளிலிருந்தே உள்ளேதான் நின்றன. துரைசாமி சார் அதற்கு முன்பே வந்து நின்றிருந்தார். நஜீர் பாய் இறங்கியதும் அவர் ஏறினார். நகத்தால் ஸ்டிக்கரின் ஓரத்தை நெம்பினார். பாதி வந்தது, பாதி வரவில்லை.

"நான் எடுத்துப்போடறேனுங்க சார்" என்றார் நஜீர் பாய்.

"இல்லீங்க பாய். ஒட்டுனவன் எடுக்கோணும்." இன்னும் கொஞ்ச நேரம் சுரண்டினார். "பசை நல்ல பசைங்க" என்றார்.

பனியன் வேஸ்டில் கொஞ்சம் மண்ணெண்ணெய் நனைத்துக் கொடுத்தேன். சீட்டின் முதுகை அழுத்தித் துடைத்தார். ஒட்டியிருந்த இடம் மற்ற இடத்தைவிடச் சுத்தமாகிவிட்டதால், முழு முதுகையும் துடைத்தார். கசங்கிய அம்பை உருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

"ரோட்ல எப்படிங்க போகுது?" என்றார்.

"நேராப் போகுதுங்க சார்."

"நாளைக்கும் பாத்துச் சொல்லுங்க."

"சொல்றேனுங்க" என்றார் நஜீர் பாய்.

துரைசாமி சார் பையிலிருந்து ஒரு நூல் கட்டரை எடுத்துக்கொண்டு அடுத்த வேனுக்கு அடியில் குனிந்தார். நான் பின்னறைக்குப் போய் இன்னும் ஒரு ஜாக்கியைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தேன். கம்ப்ரஸர் தண்ணீரை அதன் பிறகுதான் வடித்தேன்.